தண்டு போகிற ஓட்டையின் வரலாறு

நீர்மூழ்கின்னு சொன்னாலே நமக்குப் போர்தான் ஞாபகம் வரும். டோர்பிடோ, ரகசியம், சினிமா. ஆனா அதைச் செய்தவர்களைத் தூங்கவிடாத பிரச்சினை ரொம்பச் சின்னது. மோட்டர் உள்ளே இருக்கு, விசிறி வெளியே இருக்கு. ரெண்டையும் இணைக்கிற தண்டு சுவரைத் தாண்டிப் போகணும். அதுக்கு ஒரு ஓட்டை போட்டே ஆகணும். தண்ணிக்கும் அந்த ஓட்டைதான் வேணும்.

1620களில் தேம்ஸ் ஆற்றில் கொர்னேலியஸ் ட்ரெபல் ஓட்டிய படகில், துடுப்பு வெளியே போன துளைகளைத் தோலால் மூடியிருந்ததாகச் சொல்வார்கள். 1776இல் அமெரிக்கர்கள் நியூயோர்க் துறைமுகத்தில் இறக்கிய 'டேர்ட்டில்' ஒரே ஒரு ஆளுக்கான கலம். உள்ளே உட்கார்ந்தவரே விசிறியையும் கையால் சுற்றினார். இன்றைய தனிநபர் நீர்மூழ்கிகளுக்கு மூதாதை அதுதான்.

நீராவிக் கப்பல்கள் வந்த பிறகு, தண்டைச் சுற்றிக் கொழுப்பில் ஊறிய நாரைத் திணித்து இறுக்கினார்கள். ரொம்ப இறுக்கினால் தண்டு சூடாகும், தளர்த்தினால் ஒழுகும். அதனால் கொஞ்சம் சொட்டட்டும் என்றே விட்டார்கள். பெரிய கப்பலுக்கு அது சரி, பம்ப் இருக்கு. சின்ன நீர்மூழ்கியில் அந்த வசதி இல்ல. 10 மீற்றர் இறங்கும்போதெல்லாம் அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடும். அந்த அழுத்தத்துக்குத் தாங்கும்படி சீலை இறுக்கினால், உராய்வே பெற்றரியைத் தின்றுவிடும்.

இந்த இடத்துலதான் நம்ம பக்கமும் கதைக்குள்ள வருது. கேகாலையின் போகல சுரங்கத்தில் எடுக்கும் காரீயம் வழுவழுப்பானது. பெக்கிங்கிலும் சீல்களிலும் காரீயத்தைப் பயன்படுத்துவதற்குக் காரணம் அந்த வழுவழுப்புத்தான். இன்னொன்று றப்பர். 1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானிடம் விழுந்த பிறகு, நேச நாடுகளுக்கு இயற்கை றப்பர் கிடைத்த முக்கியமான இடம் இலங்கை. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று அளவுக்கு மீறிப் பால் வெட்ட வைத்தார்கள். கேகாலை றப்பர் தோட்டங்களில் வெட்டியவர்களில் நம்ம தாத்தா பாட்டிகளும் இருந்தாங்க. கண்டுபிடித்தவர்களின் பேர் காப்புரிமைப் பத்திரத்தில் இருக்கு. இவங்க பேர் செக்ரோலோடு நின்றுவிட்டது.

சரி, ஓட்டையே இல்லாமல் செய்ய முடியாதா? முடியும். மீன்தொட்டி பம்பைக் கழற்றிப் பாருங்க. விசிறியோட ஒட்டிய காந்தம் தண்ணிக்குள்ள சுத்தும், அதைச் சுத்த வைக்கிற மின்சுருள் பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும். நடுவில் துளை கிடையாது. காந்த இணைப்பும் கிட்டத்தட்ட இதுதான். வடக்கு, தெற்கு என மாற்றி மாற்றிக் காந்தம் பதித்த ரெண்டு வளையங்கள், நடுவில் மூடிய சுவர். உள்வளையத்தை மோட்டர் சுத்தினால், வெளிவளையம் விசிறியோட சேர்ந்து பின்னாலேயே சுத்தும். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக நியோடைமியம் காந்தம் உருவான பிறகு, சின்ன வளையத்திலேயே நிறைய விசை கிடைத்தது.

இதிலும் இழப்பு இருக்கு. நடுச்சுவர் உலோகமென்றால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகிச் சூடாகும். சுவரைத் தடிப்பாக்கினால் காந்தங்கள் விலகி, பிடி குறையும். ஆனா ஒரு லாபமும் உண்டு. விசிறியில் வலை சிக்கினால் இணைப்பு வழுக்கிவிடும், மோட்டர் எரியாது.

விசிறிக்கும் ஒரு கணக்கு இருக்கு. நிற்கிற நிலையில் அதே தள்ளுவிசைக்கு, விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் கொள்கையளவில் பாதி சக்தி போதும். வேகமாகச் சுத்தும் சின்ன விசிறியை விட, மெதுவாகச் சுத்தும் பெரிய விசிறி சிக்கனமானது. அதைச் சுற்றி வளையக்கூடு போட்டால் மெதுவான ஓட்டத்தில் தள்ளுவிசை இன்னும் கூடும். 1930களில் லுட்விக் கோர்ட் பிரபலப்படுத்திய வழி அது.

ரொம்ப ஆழத்துக்குப் போகும் கலங்களில் பெரும்பாலும் மோட்டரையே வெளியே வைத்து, அதற்குள் எண்ணெய் நிரப்பி, கடலின் அழுத்தத்தோடு சமப்படுத்துவார்கள். உள்ளும் வெளியும் ஒரே அழுத்தம் என்றால் சீலுக்குப் பாரம் இல்ல. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் மூன்று பேர் 6000 மீற்றர் இறங்குவதற்காக 'மத்ஸ்யா 6000' கலத்தைச் செய்கிறது. ஆட்கள் இருக்கும் கோளம் 2.1 மீற்றர் விட்டம், 80 மில்லிமீற்றர் தடிப்பான டைட்டேனியம். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதைத் தண்ணிக்குள் இறக்கிச் சோதித்தார்கள்.

கலைப் பீடத்துக்காரிக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்கலாம். சப்ரகமுவவில் தமிழில் உயர்தரக் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கிற பள்ளிகள் இன்றும் மிகக் குறைவு. விருப்பப்பட்டுக் கலைக்கு வந்தவங்களும் இருக்காங்க, வேற வழியில்லாம வந்தவங்களும் இருக்காங்க. நம்ம வரலாற்றை எழுதும்போது கூலி, கங்காணி, லயம் என்று எழுதுறோம். அது கட்டாயம் எழுத வேண்டியது. ஆனா நம்ம ஆட்கள் வெட்டின றப்பர் எந்த இயந்திரங்களுக்குள்ள போச்சு, அந்த இயந்திரம் எப்படி வேலை செய்யுது என்பதும் நம்ம வரலாறுதான். அதை எழுதுவதற்கு இயந்திரம் கொஞ்சமாவது விளங்கணும். அந்த வாசலை அடுத்த பிள்ளைகளுக்காவது பள்ளிக்கூடம் திறந்து வைக்கணும்.