பிறவிச் சிறுநீர்ப் பாதைக் குறைபாடு: குழந்தைகளின் சிறுநீரகத் திசு சிதைவது எப்படி? தடுப்பது எப்படி?

கொல்கத்தா: கருவிலேயே தோன்றும் சிறுநீரக, சிறுநீர்ப் பாதைக் குறைபாடுகள், குழந்தைகளுக்கு ஏற்படும் நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு உலக அளவில் முதன்மைக் காரணமாக உள்ளன. இவற்றால் சிறுநீரகத் திசுவுக்கு நேரும் சேதத்தில் ஒரு பகுதி பிறப்புக்கு முன்பும், மறுபகுதி பிறப்புக்குப் பின்பும் ஏற்படுகிறது. முன்னதை மாற்ற இயலாது. பின்னதைப் பெருமளவு தடுக்க இயலும்.

குழந்தை மருத்துவத்தில் கொல்கத்தாவுக்கு நீண்ட மரபு உண்டு. 1933-இல் இந்தியக் குழந்தை மருத்துவ இதழைத் தொடங்கிய டாக்டர் கே.சி. சவுத்ரி, 1956-இல் இந்நகரில் குழந்தைகள் நல நிறுவனத்தை நிறுவினார். அங்கு குழந்தைகளுக்கான சிறுநீரக மருத்துவப் பிரிவும் உள்ளது. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலும் இத்தகைய பிரிவு இயங்குகிறது. எனினும், குழந்தை எந்தக் கட்டத்தில் இத்தகைய மருத்துவமனையை வந்தடைகிறது என்பதே சிகிச்சையின் பலனைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

கருவில் நேரும் சேதம்

இரத்தத்தை வடிகட்டும் நுண்ணலகுகளான நெஃப்ரான்கள் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகச் சுமார் 10 லட்சம் உள்ளன. கர்ப்பத்தின் 36-ஆவது வார அளவில் புதிய நெஃப்ரான்கள் உருவாவது நின்றுவிடுகிறது. அதற்கு முன் சிறுநீர் வெளியேறும் வழியில் அடைப்பு இருந்தால் அழுத்தம் கூடி, திசு முறையாக வளராமல் போகலாம். ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே ஏற்படும் சிறுநீர் வடிதாரை வால்வு அடைப்பு இவற்றுள் கடுமையானது.

பிறந்த பின் உருவாகும் வடு

சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பையின் சுவருக்குள் சாய்வாக நுழைகிறது. பை நிரம்பும்போது அந்தப் பகுதி அழுந்தி மூடிக்கொள்வதால் சிறுநீர் மேலே திரும்புவதில்லை. சுவருக்குள் செல்லும் பகுதி குட்டையாக இருந்தால் சிறுநீர் பின்னோக்கிப் பாயும். இந்தப் பின்னோட்டத்தை மருத்துவர்கள் 5 நிலைகளாகப் பிரிக்கின்றனர்.

கிருமித்தொற்று ஏற்படும்போது, பின்னோட்டம் கிருமிகளைச் சிறுநீரகத்துக்குள் கொண்டு செல்கிறது. குறிப்பாக மேல், கீழ் முனைகளில் அழற்சி உண்டாகி, ஆறும்போது வடுவாகிறது. வடுவான இடத்தில் நெஃப்ரான்கள் இயங்குவதில்லை. எஞ்சியவை கூடுதல் சுமையைத் தாங்குவதால் அவையும் காலப்போக்கில் பழுதடைகின்றன. சிறுநீரில் புரதம் கசிதல், உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தொடர்ந்து சிறுநீரகச் செயலிழப்பும் நேரலாம். வடுவைக் கண்டறிய டிஎம்எஸ்ஏ ஸ்கேன் பயன்படுகிறது.

எப்போது பரிசோதிக்க வேண்டும்?

கருவின் சிறுநீரக இடுப்பறை, கர்ப்பத்தின் இரண்டாம் பருவத்தில் 4 மில்லிமீட்டர், மூன்றாம் பருவத்தில் 7 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் விரிந்திருந்தால் தொடர் கண்காணிப்பு தேவை. பிறந்த முதல் வாரத்தில் அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும் என இந்தியக் குழந்தைகள் சிறுநீரகவியல் சங்கம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. வால்வு அடைப்பு என ஐயமிருந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். முதல் ஸ்கேன் இயல்பாக இருந்தாலும் 4 முதல் 6 வாரங்களில் மீண்டும் எடுப்பது அவசியம்.

கைக்குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்றின் ஒரே அறிகுறி காய்ச்சலாக இருக்கலாம். ஆகவே, காரணம் புலப்படாத காய்ச்சலில் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும். தொற்று உறுதியானால் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்கு மேல் சிகிச்சை தாமதமாகும்போது வடு ஏற்படும் வாய்ப்பு கூடுவதாக 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

பின்னோட்டம் உள்ள 607 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், தினமும் குறைந்த அளவு ஆன்டிபயாட்டிக் கொடுத்தது மீண்டும் தொற்று வருவதை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. ஆனால் வடு ஏற்படும் விகிதம் மாறவில்லை. எனவே தடுப்பு மருந்து எடுக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் பரிசோதனையைத் தவிர்க்கலாகாது.

பட்டியலில் இல்லாத குறைபாடு

மத்திய அரசு 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பிறவிக் குறைபாட்டுப் பட்டியலில் இதயக் குறைபாடு, உதட்டுப் பிளவு, வளைந்த பாதம் உள்ளிட்ட 9 இடம்பெற்றன. சிறுநீர்ப் பாதைக் குறைபாடு அதில் தனியாகக் குறிப்பிடப்படவில்லை. இது வெளித்தோற்றத்தில் தெரிவதும் அரிது. ஆகவே, கர்ப்பகால ஸ்கேன் அறிக்கையைப் பாதுகாத்து, குழந்தை பிறந்ததும் மருத்துவரிடம் காட்டுவது பெற்றோரின் முக்கியக் கடமையாகிறது.