நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு எவ்வளவு தூரம்?

 

மகாளய அமாவாசை தர்ப்பணத்துக்குப் பெயர் பதியும்போது ஒவ்வொரு வருஷமும் நாங்கள் பார்க்கிறோம். தாத்தா, பாட்டி திதி எழுதுற இடத்தை நிறைய பேர் காலியா விட்டுடறாங்க. "இதைக்கூடவா எழுதி வைக்காம போனாங்க?"ன்னு சில பிள்ளைங்க கேட்கிறாங்க. எழுதி வைக்க முதல்ல தெரியணுமே!

நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கோலாலம்பூர் 2,600. இன்னிக்கு விமானம் ஏறினா நாலு மணி நேரம், ஒரு படம் பார்த்து ஒரு தூக்கம் போட்டா இறங்கிடலாம். அந்தக் கால நீராவிக் கப்பல் மணிக்கு 20, 25 கிலோமீட்டர்தான் போகும். எங்கேயும் நிற்காம வந்தாலே நாலு நாள். சென்னையில் புறப்பட்டு, நாகையில் ஆள் ஏத்தி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் தொட்டு சிங்கப்பூர் சேர ஒரு வாரம் ஆயிடும்.

நம்ம பெரியவங்க அடிக்கடி சொன்ன பேரு 'ரஜூலா'. 1926ல் கட்டிய கப்பல். மேல்தளப் பயணிகள் மட்டுமே சுமார் 5,000 பேரை ஏத்த ஆரம்பத்தில் அனுமதி இருந்தது. மேல்தளம்னா அறை இல்லை, கட்டில் இல்லை. பாய் விரிச்ச இடம்தான் வீடு. தோட்டத்துக்கு வந்தவங்களை இறங்கின உடனே ஊருக்குள்ள விடவும் மாட்டாங்க. காலரா, அம்மை பயத்துல ஜெராஜாக் தீவுல அடைச்சு வச்சுத்தான் அனுப்பினாங்க.

இப்போ யோசிச்சுப் பாருங்க. ஊர்ல அப்பா தவறிட்டார்னு தந்தி வருது. கப்பல் தினமும் கிடையாது. கிராணிகிட்ட லீவு கேட்டு, டிக்கெட்டுக்குக் கடன் வாங்கி, துறைமுகம் போய்ச் சேர்ந்து கடல் தாண்டுறதுக்குள்ள பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சிருக்கும். தந்திக்கு வசதியில்லாத குடும்பத்துக்குக் கடிதம்தான். அதுல தேதி இருக்குமோ இருக்காதோ. பலர் இங்கேயே ஆத்தங்கரையில் மொட்டை போட்டுட்டு மறுநாள் பால் வெட்டப் போனாங்க.

ஜப்பான்காரன் காலத்துல அதுவும் போச்சு. 1941 டிசம்பரில் படை இறங்கினதிலிருந்து 1945 வரை ஊரோட தொடர்பே அறுந்து போச்சு. ஊர்ல யார் இருக்கா, யார் இல்லைன்னு சண்டை முடிஞ்சுதான் தெரிஞ்சது. சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துட்டுப் போன நம்ம ஆளுங்க எந்த நாளில், எந்தக் காட்டில் இறந்தாங்கன்னு வீட்டுக்கு யார் சொன்னா?

திதி தெரியாதவங்களுக்கும் சேர்த்துக் கொடுக்கத்தான் மகாளய அமாவாசை. அந்த இடம் காலியா இருந்தா வெட்கப்பட வேண்டாம், பெயர் மட்டும் எழுதுங்க. பெயரும் தெரியலைன்னா உறவுமுறை போதும். ஒரு விஷயம்: ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வர்ற அமாவாசை நேரத்தோட இரண்டரை மணி கூட்டிக்குங்க. போன வருஷமும் இதுல குழப்பம்.

ரஜூலாவை 1973ல் வித்துட்டாங்க. பிறகு ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடிச்சு சுமார் 40 பேர் இறந்தாங்க. அதோட அந்தப் பயணிகள் கப்பல் காலம் முடிஞ்சது.

யார் வீட்டிலாவது பழைய கப்பல் டிக்கெட், தகரப்பெட்டி, ஊர்க் கடிதம் இருந்தா அமாவாசை அன்னிக்கு அன்னதானக் கூடத்துக்குக் கொண்டு வாங்க. படம் எடுத்துட்டு உடனே திருப்பித் தந்துடறோம்.