எஞ்சின் இல்லாத மோட்டார் வாகனம்

சட்ட நூல்களின் சொற்பொருள் விளக்கப் பகுதியை நிகண்டு படிப்பதுபோல் படித்துப் பாருங்கள், வியப்புகள் கிடைக்கும். 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் வண்டிகளை இரண்டாகப் பகுத்தது. வில் பொருத்தியவை ஒரு வகை. பொருத்தாதவை மற்றொரு வகை. நம் மக்கள் வில்வண்டி என்றும் கட்டைவண்டி என்றும் வழங்கிய பாகுபாடுதான் இது. ஆனால் முதல் வகைக்குள் சக்கரமே இல்லாத பல்லக்கையும் அச்சட்டம் சேர்த்துக்கொண்டது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமோ, எஞ்சினே இல்லாத டிரெய்லரை 'மோட்டார் வாகனம்' என்றது. இன்று நடைமுறையில் உள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே சொல்கிறது.

இது வெறும் சொல் விளையாட்டன்று. ஒரு பொருளுக்கு அரசு இடும் பெயரைப் பொறுத்தே அதைச் செய்பவனின் பிழைப்பும், அதனருகே செல்பவனின் உயிரும் அமைகின்றன.

திருச்சிராப்பள்ளி நகராட்சி 1866இலும் ஸ்ரீரங்கம் நகராட்சி 1871இலும் தோன்றின. (1994இல் மாநகராட்சி அமைந்தபோது இரண்டும் ஒன்றாயின.) அக்காலத்து நகராட்சிகளுக்கு வண்டி என்பது முதலில் வரி தரும் பொருள், அடுத்து, சாலையைத் தேய்க்கும் பொருள். இரும்புப் பட்டை அறைந்த சக்கரம் சரளைச் சாலையை அரைத்து மாவாக்கிவிடும். ஆகவே வண்டிக்கு வரி உண்டு. ஆனால் வண்டி ஒழுங்காகச் செய்யப்பட்டதா என்று சோதிக்கும் அலுவலகம் எதுவும் இல்லை. குடமும் ஆரக்காலும் கடையாணியும் சரியாக அமைந்தனவா என்பதைச் செய்த ஆசாரியும் வாங்கிய குடியானவருமே தீர்மானித்துக் கொண்டனர்.

இந்த அறிவு நமக்குப் புதியதன்று. உமணர் தம் உப்பு வண்டியில் உபரி அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றில் ஔவையார் உவமையாக்குகிறார். மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பது வலியறிதல் அதிகாரத்துக் குறளின் கருத்து. அச்சு தாங்கும் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்பதை இன்றைய பொறியியலும் இப்படித்தான் தொடங்குகிறது.

1914இல் இந்தியாவுக்கான முதல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. 1939இல் டிரெய்லரும் அவ்வகைச் சட்டத்துக்குள் வந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, டிரெய்லரும் பிற வண்டிகளைப் போலவே பதிவு பெற வேண்டும் என்கிறது. ஆனால் பதிவு வேறு, வடிவமைப்புக்கு ஒப்புதல் பெறுவது வேறு. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதி, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு வகை வண்டியின் முன்மாதிரியையும் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிறுவனங்களின் சோதனைக்கு அனுப்பச் சொல்கிறது. 1993ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்விதியிலிருந்து டிரெய்லர்களை வெளிப்படையாக விலக்கி வைத்திருந்தது. அந்த விலக்கு நிலைக்கவில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் 110-பி என்னும் பிரிவைச் சேர்த்தது. வகை ஒப்புதல் சான்றிதழ் இன்றி டிரெய்லரை விற்பதோ விற்க முன்வருவதோ கூடாது என்கிறது அது. வாகன அமைப்பு விதிகளை மீறி விற்றால் ஒரு வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கவும் அதே திருத்தம் வழி செய்தது.

இந்த ஏற்பாடு திருச்சியில் எவரைத் தொடுகிறது? 1928இல் பொன்மலை ரயில்வே பணிமனை. 1965 முதல் பெல் கொதிகலன் ஆலை. 1975இல் அங்கேயே பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம். இரும்பை வெட்டி ஒட்டும் கைத்திறன் இவ்வூரில் பெருகியது இவ்வாறுதான். துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் சிறு பட்டறைகள் நிறைந்திருக்கின்றன. ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் நிறுவனத்துக்குச் சோதனைச் செலவு ஒவ்வொரு வண்டியிலும் சில ரூபாயாகப் பிரிந்துவிடும். ஆண்டுக்கு நான்கைந்து டிராக்டர் பெட்டி செய்யும் பட்டறைக்காரருக்கோ அச்செலவு முதலையே விழுங்கிவிடும்.

ஆயினும் விதியை வெறும் தொல்லை என்று தள்ளவும் இயலாது. டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையெனில், முன்வண்டி நிற்க முயலும்போது பின்பாரம் அதைத் தள்ளும். பின்புறம் விளக்கோ பிரதிபலிப்பானோ இன்றி இரவில் சாலையோரம் நிற்கும் கரும்புப் பெட்டியின்மீது இருசக்கர வண்டி மோதிய செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அச்செய்திகளில் இறந்தவர்கள் பெரும்பாலும் எளியவர்களே.

எஞ்சின் இல்லாமல் இழுத்துச் செல்லப்படும் பெரும்பாரம் இங்கே தேர்தான். ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரை வடம் பிடிப்பவர்களைப் பாடியவர் பலர். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவரை நினைப்பவர் சிலர். தேர் நிற்பதோ அவரால்தான். திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்தித் தந்ததும் திருச்சி பெல் ஆலையே. மரபு இதனால் குறைந்துவிடவில்லை, தேரோட்டம் பாதுகாப்பாயிற்று.

எனவே வேண்டுவது விதியின் தளர்வன்று; விதியை எட்டிப் பிடிக்க ஏழைப் பட்டறைக்கு ஒரு படி. அதற்கு முன்னுதாரணம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மின்-ரிக்‌ஷா செய்யும் சிறு உற்பத்தியாளர்கள் பதிவுபெற்ற சங்கமாகச் சேர்ந்து முன்மாதிரிக்கு ஒப்புதல் பெற 126ஆம் விதியில் இடமளிக்கப்பட்டது. இலகு டிரெய்லர்களுக்கும் அவ்வழி திறந்தால், துவாக்குடிப் பட்டறைகள் பத்து சேர்ந்து ஒரு நல்ல வடிவத்தைச் சோதித்துப் பெறலாம். பிறகு ஒவ்வொருவரும் அதன்படி செய்யலாம். ஆசாரியின் கைத்திறனும் அழியாது, சாலையில் செல்பவரின் உயிருக்கும் காப்புண்டு.