செம்பியன் மாதேவி

செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டுச் சோழ அரசி. முதலாம் பராந்தகனின் மகனான கண்டராதித்த சோழனின் தேவி. உத்தம சோழனின் தாய். மழவரையர் குடியில் பிறந்தவர். கல்வெட்டுகள் இவரை மாதேவடிகள் என்றும், உத்தம சோழனைத் 'திருவயிறு வாய்த்த' பிராட்டியார் என்றும் குறிக்கின்றன. செம்பியன் மாதேவி என்பது பட்டப்பெயர். சோழர் குலத்தில் வேறு அரசியரும் அதைத் தாங்கியதால், ஒருவரது கொடை இன்னொருவர் கணக்கில் ஏறிவிடுவதுண்டு.

கணவனோடு அரசியாக இருந்தது ஏழெட்டு ஆண்டுகளே. கண்டராதித்தன் சுமார் 957இல் மறைந்தபோது உத்தமன் சிறுவன். ஆட்சி கண்டராதித்தனின் தம்பி அரிஞ்சயனுக்கும், பிறகு அவன் மகன் சுந்தர சோழனுக்கும் போயிற்று. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்ட பின்னரே உத்தமன் அரியணை ஏறினான். அந்தக் கொலையில் உத்தமனுக்குப் பங்கு உண்டு என்று ஐயுற்ற வரலாற்றாசிரியர்களும் உண்டு. ஆனால் 985இல் முடிசூடிய இராசராசன், கொலையுண்டவனின் தம்பி, பெரிய பாட்டியின் திருப்பணிகளுக்கு எந்தத் தடையும் வைக்கவில்லை. அவனது 16ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1001ஐ ஒட்டி, திருவக்கரையில் இவர் கற்றளி, அதாவது கல்லாலான கோயில், எடுப்பித்தார். கணவனுக்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அரசர்கள் மாறியும் இவரது சொல் செல்லுபடியானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இவரைப் பெரிய பிராட்டியாக வீடுதோறும் அறிமுகப்படுத்தியது. இவரது குழந்தை மாற்றப்பட்டதாக அதில் வரும் கதைக்கு மட்டும் கல்வெட்டில் ஆதாரம் தேட வேண்டாம்.

பழைய செங்கல் தளிகளைக் கற்றளிகளாக்கியதே இவரது பெரும்பணி. ஆடுதுறை, குத்தாலம், திருவாரூர் அரநெறி, விருத்தாசலம் முதலிய கோயில்கள் அவ்வாறு எழுந்தவை. திருநல்லம் எனப்படும் கோனேரிராசபுரத்துக் கோயிலைக் கணவன் பெயரால் எடுப்பித்தார். அதன் தென்சுவரில் கண்டராதித்தன் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பம் இருக்கிறது. அருகிலுள்ள கல்வெட்டே அவனை அடையாளம் காட்டுகிறது. கோயிலைக் கட்டிய ஆலத்தூர்ச் சாத்தன் குணபத்தனின் பெயரையும் அங்கே பொறித்திருக்கிறார்கள். கட்டியவன் பெயர் கல்லில் ஏறுவது அக்காலத்தில் அரிது.

திருக்கோடிகாவல் தனியே சொல்லத் தக்கது. பழைய கட்டடத்தைப் பிரித்தபோது பல்லவர் காலம் முதலான சாசனக் கற்கள் கிடைத்தன. அவற்றைப் புதிய சுவர்களில் மறுபடி வெட்டச் செய்து, 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்ற குறிப்பையும் சேர்த்தார்கள். நிலமும் விளக்கும் பொன்னும் கொடுத்தவர்களின் அறம் அறுபடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. இன்றைய திருப்பணிகளில் கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசுவதையும் சுவரை மணல்வீச்சால் தேய்ப்பதையும் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சிற்ப அமைதியிலும் இவர் காலம் ஒரு திருப்பம். முந்தைய தளிகளில் கருவறைச் சுவர்களோடு பெரிதும் நின்ற தேவகோட்டங்கள், அதாவது தெய்வ உருவங்களுக்கான மாடங்கள், அர்த்தமண்டபச் சுவர்களில் பெருகின. பிள்ளையார், அகத்தியர், பிட்சாடனர், அர்த்தநாரி என உருவங்கள் கூடின. தென்சுவரில் ஆடவல்லானை (நடராசரை) வைப்பது வழக்கமாயிற்று. தில்லைக் கூத்தன்மேல் திருவிசைப்பா பாடியவன் கண்டராதித்தன் என்பதால், கணவனின் பக்தியே இதற்கு வித்து என்று கருதுவோர் கருத்து பொருத்தமாகவே தோன்றுகிறது.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் இவர் பெயராலேயே ஓர் ஊர் உள்ளது. அவ்வூர்க் கைலாசநாதர் கோயிலில் இவரது பிறந்த நாளான சித்திரைக் கேட்டைக்கு உத்தம சோழனின் தேவியர் நிவந்தம் வைத்தனர். முதலாம் இராசேந்திரன் 1019இல் இவரது படிமத்தை அங்கே நிறுவினான். வாசிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடம் 1929இல் வாங்கிய, 107 செ.மீ. உயரமுள்ள செப்புத் திருமேனி இவருடையதே என்று வித்யா தெகேசியா போன்ற கலை வரலாற்றாசிரியர்கள் வாதிட்டனர். அது பார்வதியே என்பது மறுதரப்பு.