மண் துரியோதனனும் கலை மையமும்

'கலைப் பருவம்' என்ற சொல்லை அழைப்பிதழ்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும்: யாருடைய பருவம் இது? கூனிமேட்டில் நின்று கேட்டால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. வடக்கே மரக்காணத்து உப்பளங்கள், 3,000 ஏக்கருக்கு மேல். தெற்கே ஆரோவில்லைச் சுற்றி முளைத்த கலை மையங்கள். மேற்கே திண்டிவனம், செஞ்சி என்று விரியும் திரௌபதி அம்மன் நாடு. மூன்றுக்கும் உச்சமான காலம் ஏறக்குறைய ஒன்றுதான், பங்குனியில் தொடங்கி ஆனி வரை. ஆனால் மூன்றும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்ததாகத் தெரியவில்லை.

கலைஞர்கள் இந்தக் கரையில் நடப்பது புதிதல்ல. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் வாங்கப் போகும் பாணனை எயிற்பட்டினத்தின் வழியாக அனுப்புகிறது. அந்தப் பட்டினம் மரக்காணத்தை ஒட்டியது என்பது பலரும் ஏற்கும் கருத்து. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கம்பெனி கூனிமேட்டில் பண்டகசாலை வைத்திருந்தது; 1690இல் கடலூருக்கு அருகில் தேவனாம்பட்டினம் கோட்டை கைக்கு வந்தபின் கூனிமேடு மெல்லத் தேய்ந்துபோகிறது. புரவலன் இருக்கும் இடத்துக்குக் கலைஞன் நடந்தது போய், வியாபாரம் இருக்கும் இடத்துக்கு ஊரே நகர்ந்த கதை இது.

சென்னையின் 'சீசன்' எப்படி உண்டானது? 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாடு, அதன் பிறகு 1928இல் மியூசிக் அகாடமி. நீதிமன்றத்துக்கும் அலுவலகத்துக்கும் விடுமுறை கிடைக்கும் மாதம் டிசம்பர். 1936இல் கலாக்ஷேத்ரா, 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம். சதிர், பரதநாட்டியம் என்ற பெயரில் வேறு உடம்புகளுக்குக் குடியேறிய அந்தப் பத்திருபது ஆண்டுகளில் ஆட்டத்தின் நாட்காட்டியும் சேர்ந்தே மாறியது. கோயில் திருவிழாவின் தேதி போய் வக்கீலின் விடுமுறைத் தேதி வந்தது. இதைச் சதி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இயல்பு என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியவில்லை.

ஓவியர்களுடைய முயற்சி வேறு மாதிரி. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்று அந்தக் காசில் ஓவியம் வரைவது ஏற்பாடு. அரசு மானியத்தையோ ஜமீன்தாரையோ நம்பவில்லை. இந்தத் தன்மானம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனாலும் 'கிராமம்' என்ற பெயர் உறுத்துகிறது. பக்கத்து மீனவக் குப்பத்துக்கும் இந்தக் கிராமத்துக்கும் பொதுவாக இருந்தது கடல்காற்று மட்டும்தானோ?

நம் பக்கத்துக்கு வருவோம். 1981இல் பம்பாயில் வீணாபாணி சாவ்லா தொடங்கிய ஆதிசக்தி, 1993இல் புதுச்சேரிக்குப் பெயர்ந்து பிறகு ஆரோவில் அருகே நிலைகொண்டது. கூடியாட்டம், களரி முதலியவற்றிலிருந்து மூச்சையும் உடம்பையும் கற்று 'பிருஹன்னளா' போன்ற நாடகங்களைச் செய்தவர் அவர். 2014இல் அவர் இறந்த பிறகு, அவர் நினைவாக ஏப்ரல் வாக்கில் நடனமும் நாடகமும் இசையும் கலந்த விழா நடத்தப்பட்டு வந்திருக்கிறது. அங்கே அர்ச்சுனன் பேடியாகும் மகாபாரதம் ஆங்கிலத்தில் அரங்கேறியது. அதே மாதங்களில், மேற்கே சில மணி நேரப் பயணத்தில், அதே அர்ச்சுனன் பனைமரத்தில் ஏறித் தபசு பண்ணிக்கொண்டிருப்பான்.

பாரதத் திருவிழாவைக் 'கலைவிழா' என்று சொன்னால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல் விடியவிடியக் கூத்து. கடைசி நாள் படுகளம். வெட்டவெளியில் மண்ணைக் குழைத்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனை ஆளைவிடப் பல மடங்கு பெரிதாகக் கட்டி, வண்ணம் பூசி, மீசை எழுதுகிறார்கள். பீமன் வேஷக்காரர் தொடையில் அடிக்க, உள்ளே வைத்த சிவப்பு நீர் வழிய, அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தலை முடிகிறாள். துரியோதனன் மனைவி முறமும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறாள். சாயங்காலம் தீமிதி. ராத்திரி பூராவும் கண்விழித்த நடிகர், காலை வெயிலில் அரிதாரம் வழிய அந்த மண் உடம்பின்மேல் நின்று ஆடுவதைப் பார்த்தவனுக்கு, சிற்பம் வேறு, நடனம் வேறு, நாடகம் வேறு என்று பிரித்துப் பேசுவது அபத்தமாகப் படும். அந்தச் சிற்பத்தை யாரும் விலைக்கு வாங்க முடியாது. அடுத்த மழைக்கு மண்ணோடு மண்.

ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இலும் 1991இலும் இரண்டு தொகுதிகள் எழுதினார், செஞ்சியை மையமாக வைத்து. ரிச்சர்டு ஃப்ராஸ்கா 1990இல் தெருக்கூத்து பற்றி. அதே 1990இல் காஞ்சிபுரம் பக்கத்தில் பெ. ராஜகோபாலும் ஹன்னா தெ ப்ருயினும் மற்ற நடிகர்களோடு கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். "தெருவுல ஆடறதுதானே" என்ற இளக்காரம் தெருக்கூத்து என்ற பெயரிலேயே ஒட்டிக்கிடக்கிறது என்பது அவர்கள் வாதம். கட்டை என்றால் கிரீடம், புஜக்கட்டை முதலிய மர அணிகள். பெயரை மாற்றினால் மதிப்பு மாறுமா என்று கேட்டவர்களுண்டு. புரிசைக் கூத்தர்கள் தெருக்கூத்து என்ற பெயரை விடவில்லை. ஆனால் தன் கலைக்குப் பெயரிடும் உரிமையைக் கலைஞனே எடுத்துக்கொண்டது பெரிய காரியம். 2002 முதல் 2020 வரை அவர்கள் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். ஆண்களே திரௌபதியாக ஆடிவந்த மரபில் இது சின்ன விஷயமில்லை.

இதற்குமேல் கிராமத்தைப் போற்றிக்கொண்டு போனால் நான் பொய் சொன்னவனாவேன். படுகளத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் யார் எங்கே நிற்கலாம் என்பது எழுதாத சட்டம். விழுப்புரம் அருகே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைவதை எதிர்த்து எழுந்த தகராறில் 2023 ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2024 மார்ச்சில் பூஜைக்காகத் திறந்தார்கள். 2013 ஏப்ரல் 25, சித்திரை முழுநிலவு. மாமல்லபுரத்தில் விழா, அதற்குப் போகும் இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணத்தில், கலவரம், தலித் குடிசைகள் எரிந்தன. மையங்களில் நுழைவதற்கு ஆங்கிலம் தடுக்கிறது, கோயிலில் ஜாதி தடுக்கிறது. இரண்டு தடையும் ஒன்று என்று சமன்படுத்துவது அயோக்கியத்தனம்: முன்னதில் கூச்சம் வரும், பின்னதில் அடி விழும்.

உப்பளத்தில் வேலை வெயிலுக்கு முன்னால், இருட்டிலேயே தொடங்கிவிடும். உப்பு நன்றாக விளையும் கோடைதான் கூத்துக்கும் பருவம். அளத்துக்கு இருட்டில் கிளம்ப வேண்டியவர் கூத்தின் முற்பாதியை, கட்டியக்காரன் கேலியையும் திரைக்குப் பின்னிருந்து வரும் முதல் வேஷத்தையும் பார்த்துவிட்டு எழுந்துபோவார். துரியோதனன் சாவதைப் பார்க்க அவருக்கு ஒருநாள் கூலி போகணும்.