மண்ணுக்கும் ஓர் இலக்கணம்

கல் பேசும் என்பார்கள், மேடையிலே. கைதட்டலும் கிடைக்கும். கல் பேசாது, தோழர்களே! ஊமைக் கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் சார்பிலே நாம்தான் பேசுகிறோம். அப்படிப் பேசும் நம்மைப் பார்த்து, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருவன் எழுந்து கேட்டால், எடுத்துக்காட்ட நம் கையில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி நமக்கு எழுந்த இடம் நூலகம் அன்று. அம்பத்தூரில் நாம் பணியாற்றும் பள்ளியின் பின்புறம். அகழாய்வு என்றால் என்னவென்று ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குக் காட்ட, தலைமையாசிரியரின் இசைவு பெற்று, ஆறடிச் சதுரத்தில் ஒரு குழி வெட்டினோம். ஒன்றரை அடியிலே உடைந்த சிலேட்டுத் துண்டு கிடைத்தது. மூன்றடியிலே கிடைத்தது என்ன தெரியுமா? பிஸ்கட் பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறை! "ஆழத்தில் கிடப்பது பழையது என்றீர்களே ஐயா, அப்படியானால் சிலேட்டுக்கு முன்பே பிளாஸ்டிக் இருந்ததா?" என்றான் ஒரு பையன். வகுப்பே சிரித்தது. நமக்கு வியர்த்தது.

குறிப்பேடுகளைப் புரட்டினோம். எல்லாரும் ஆழத்தை மட்டுமே அளந்து எழுதியிருந்தனர். ஒரே ஒரு மாணவி, உறை கிடந்த இடத்து மண் கறுத்துப் பொலபொலவென்றும், அதை ஒட்டிய மண் சிவந்து கெட்டியாகவும் இருந்ததாகக் குறித்து வைத்திருந்தாள். அங்கே இருந்தது விடை. என்றோ வேப்பங்கன்று நட வெட்டிய பள்ளம் அது. நட்டது உண்மை, பின்னர் பட்டுப்போயிற்று என்றார் பள்ளிக் காவற்காரர். பள்ளம் பழைய மண்ணைத் துளைத்துக் கீழே போயிருக்கிறது. உறையும் அதனுள்ளே போயிருக்கிறது. ஆழம் நம்மை ஏமாற்றியது. மண்ணின் நிறம் காப்பாற்றியது. அந்தப் பெண் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தால்? குழியைத்தான் வெட்டி முடித்துவிட்டோமே, மீண்டும் எப்படி வெட்டுவது?

பள்ளிக்கூடத்துக் குழியில் பிழை நேர்ந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஓர் இனத்தின் தொன்மையைச் சொல்லும் குழியில் நேர்ந்தால்?

நம் வீட்டு வாயிலிலேயே இருக்கிறது அத்தகைய குழி. ஆவடியில் இரயிலேறித் திருவள்ளூரில் இறங்கி, கொற்றலை ஆற்றை நோக்கி நடந்தால், உலகத்து அறிஞர் உற்று நோக்கும் நிலம் தொடங்குகிறது. 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் தம் தோழர் வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கத்துக்கு வந்து கற்கருவிகளைக் கண்டார். அவர் தொகுத்தவை 1904இல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றின் பட்டியல் அவர் மறைந்த பின்னர், 1914இல் அச்சேறிற்று. எந்தப் பொருள், எந்த ஊர் என்று பொறுமையோடு குறித்த மனிதர் அவர். அந்தக் காலத்துக்கு அது பெரிது. ஆனால் பொருளும் ஊரும் மட்டும் போதுமா?

அதே அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் அகழ்ந்தார் சாந்தி பப்பு. அவரும் அவர்தம் குழுவினரும் 2011இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட முடிவு, அங்குள்ள கைக்கோடரிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என்றது. 2018இல் 'நேச்சர்' இதழில் வந்த முடிவு, அடுத்த கட்டக் கருவித்தொழில் அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தலைகாட்டிற்று என்றது. இந்த இரண்டாம் எண்ணைக் கூர்ந்து நோக்க வேண்டும். அது கல்லை அளந்து கண்ட எண் அன்று. கல் கிடந்த அடுக்கின் மணல் துகள்கள் கடைசியாக வெயில் கண்டது எப்போது என்று அளந்து கண்ட எண். கல்லுக்கும் அந்த எண்ணுக்கும் இடையே நிற்கும் பாலம் மண்ணடுக்கு. பாலத்தை எடுத்துவிட்டால் கல் வெறும் கல். எண் வெறும் எண்!

இந்தப் பாலத்தை எப்படி எழுதி வைப்பது? வின்செஸ்டர் நகரத்து அகழாய்வுக் குறிப்புகளோடு மல்லாடிய எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் ஒரு வழி கண்டார். எந்த அடுக்கு முந்தியது, எந்தப் பள்ளம் பிந்தியது என்பதை மட்டும் கோடிட்டுக் காட்டும் வரைபடம் அது. நம் வேப்பங்கன்றுப் பள்ளமும் அதிலே ஒரு கட்டம் பெறும். கணிப்பொறி வந்தபின் தேவை பெருகிற்று. ஓர் அகழாய்வின் ஏட்டை மற்றோர் அகழாய்வின் ஏட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஒருவர் அடியில் அளந்திருப்பார், ஒருவர் செண்டிமீட்டரில். ஒருவர் 'அடுக்கு' என்பதை மற்றவர் 'காலம்' என்பார். ஆதிச்சநல்லூரை எண்ணிப் பாருங்கள்: 1876இல் யாகோர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின, பின்னர் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னைக்கு வந்தன. ஒரே மண்ணில் உறங்கியவற்றின் ஏடுகள் இரண்டு நாடுகளில்!

இதற்காக உலக அருங்காட்சியகக் கழகத்தின் ஆவணக் குழு 1996 முதல் உழைத்து ஒரு கட்டமைப்பை வகுத்தது. சிடாக் சி.ஆர்.எம். என்பது அதன் பெயர். 2006இல் அது ஐ.எஸ்.ஓ. 21127 என்ற பன்னாட்டுத் தரமாயிற்று. அகழாய்வுக்கென்றே அதில் ஒரு கிளையும் வளர்ந்திருக்கிறது. இவ்வகைக் கட்டமைப்பை 'ஆன்டாலஜி' என்பர் ஆங்கிலத்தார். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். இலக்கணம் கற்ற தமிழனுக்கு இது புதிதன்று.

எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்: இந்த மூன்றுதான் அதன் உயிர். 'இந்த ஓடு இந்த அடுக்கில் கிடந்தது.' 'இந்த அடுக்கை இந்தப் பள்ளம் வெட்டிற்று.' 'இந்தக் கரித்துண்டை இந்த ஆய்வகம் அளந்தது.' ஒவ்வொரு செய்தியும் இப்படிச் சிறு வாக்கியமாகிறது, ஒரு வாக்கியத்தின் செயப்படுபொருள் அடுத்ததன் எழுவாயாகிறது, சங்கிலி நீள்கிறது. உயர்திணை அஃறிணை என்றும், ஓரறிவு முதல் ஆறறிவு வரை என்றும் உலகத்துப் பொருள்களை வகுத்தாரே தொல்காப்பியர், அதுபோல இங்கேயும் பொருள், இடம், ஆள், காலம், நிகழ்ச்சி எனத் திணைகள் உண்டு. எத்திணைக்கு எவ்வினை பொருந்தும் என்ற விதியும் உண்டு. 'மாடு வந்தான்' என்றால் நாம் திணைவழு என்கிறோம் அல்லவா? 'இந்தப் பானையின் காலம் மூன்றடி' என்று எழுதினால் கணிப்பொறியும் வழு என்று காட்டும். நம் மாணவர்கள் செய்த பிழை அதுதானே!

இந்த இலக்கணத்தின் நடுநாயகம் பொருள் அன்று, நிகழ்ச்சி. மண் படிந்தது ஒரு நிகழ்ச்சி. பள்ளம் வெட்டியது ஒரு நிகழ்ச்சி. கண்டெடுத்தது ஒரு நிகழ்ச்சி. அடுத்ததுதான் நம் போன்றோர்க்கு இனிப்பது: 'இது இன்ன காலத்தது' என்று ஒருவர் சொன்னதும் ஒரு நிகழ்ச்சியே! யார் சொன்னார், எந்நாள் சொன்னார், எதை வைத்துச் சொன்னார் என்பதை அதனோடு கட்டி வைக்க இடமுண்டு. ஓட்டின்மேல் உள்ள கீறலை ஒருவர் 'ஆதன்' என்று படிக்கலாம். மற்றவர் வேறாகப் படிக்கலாம். இரண்டும் ஏட்டில் இருக்கும். ஓடு ஒன்றுதான், கூற்றுகள் இரண்டு. பெரியவர் சொல்லிவிட்டார் என்பதற்காக ஒரு கூற்று ஓட்டின் இயல்பாகவே ஆகிவிடாது.

ஆகிவிடக் கூடாது என்பது எவ்வளவு முக்கியம் என்பதைக் கீழடியில் கண்டோம். 2019இல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட நூல், 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று அறிவித்தது. நாடெங்கும் மகிழ்ச்சி! நாமும் மகிழ்ந்தோம், இனிப்பு வழங்கியவர்களுள் நாமும் ஒருவர். கீழடியில் முதல் இரு கட்டங்களை அகழ்ந்த அமர்நாத் இராமகிருஷ்ணன், இந்தியத் தொல்லியல் ஆய்வகத்திடம் 2023 சனவரியில் தம் அறிக்கையை அளித்தார். காலப்பகுப்பையும் சான்றுகளையும் மேலும் விளக்கித் திருத்துமாறு 2025 மே மாதம் அந்த அலுவலகம் கேட்டது. மண்ணடுக்கு வரிசையும் கரிமக் கணிப்பும் கொண்டே காலம் வகுத்தேன், திருத்துவதற்கில்லை என்றார் அவர். இரண்டாண்டுக்கு மேல் கிடப்பில் போட்டுவிட்டுக் கேட்ட கேள்வி என்று நம்மவர் சினந்தது இயல்பு. அந்தச் சினம் நமக்கும் உண்டு.

ஆயினும் சினத்துக்கு நடுவே ஒன்றை எண்ணினோம். ஒவ்வொரு ஓடும் எந்த அடுக்கு, ஒவ்வொரு கரித்துண்டும் எந்த அடுக்கு, இரண்டையும் எந்தப் பள்ளமாவது கலக்கிற்றா என்பன மேற்சொன்ன இலக்கணத்தில் எழுதப்பெற்று, எவரும் திறந்து பார்க்குமாறு பொதுவில் கிடந்திருந்தால், வாதம் அலுவலகக் கடிதங்களுக்குள் நடந்திருக்குமா? ஐயுறுவோன் தானே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போய், எந்தக் கண்ணி அறுந்தது என்று சுட்டிக்காட்ட வேண்டியிருந்திருக்கும். சுட்ட முடிந்தால் நாம் திருத்திக்கொள்வோம். முடியாவிட்டால் அவன் வாய் மூடுவான். 353 என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு மேடையேறும் நம் தோழர்களுக்கும் இது பொருந்தும். ஆழம் காலமன்று, வேப்பங்கன்றை மறவாதீர்!

இந்த இலக்கணம் மந்திரக்கோல் அன்று. பொய்யையும் வழுவின்றி எழுதலாம். குழியருகே நின்று குறிக்காததைக் கணிப்பொறி பின்னர் கண்டுபிடித்துத் தராது. உழைப்பும் மிகுதி, ஒரு பானை ஓட்டுக்குப் பத்து வாக்கியம் எழுத வேண்டும் என்றால் எழுதுகிறவன் கை வலிக்கத்தான் செய்யும். ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் நாள்தோறும் மனைகளுக்குக் கடைக்கால் வெட்டுகிறார்கள். அங்கே ஒரு வாக்கியம் எழுதவும் ஆளில்லை.

ஆனால் இன்னொன்று. கண்டெடுத்தலை நிகழ்ச்சியாக எழுதும்போது, கண்டவர் யார் என்ற இடம் ஒன்று தானாகவே திறக்கிறது. அறிக்கைகளின் அட்டையில் இயக்குநர் பெயர் இருக்கும். வெயிலிலே மண்வெட்டி பிடித்து, அதன் நுனி 'டங்' என்று ஒலித்தவுடன் கையை நிறுத்தி, விரலால் மண்ணை விலக்கியவர் கூலி வேலைக்கு வந்த ஊர்க்காரர். பல வேளை பெண். அவர் பெயர் பெரும்பாலும் எங்கும் இராது. இந்த ஏட்டில் அவருக்கென்று ஒரு கட்டம் காத்திருக்கிறது. நிரப்புவதும் வெறுமையாக விடுவதும் எழுதுவோர் மனத்தைப் பொறுத்தது.

பள்ளிக்குத் திரும்பிய நாம், கணிப்பொறியைத் தேடவில்லை. அட்டைத் துண்டுகளும் நூலும் வாங்கினோம். குழியில் கிடைத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு, ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு துண்டு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு துண்டு, உறவுகளுக்கு நூல். வகுப்பறைச் சுவர் சிலந்திக்கூடாயிற்று. பிளாஸ்டிக் உறையைக் கண்டவன் தன் பெயரைத் தானே கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டான். வேப்பங்கன்று நட்ட நிகழ்ச்சிக்கு அட்டை எழுதும் பொறுப்பு, மண்ணின் நிறம் குறித்த அந்த மாணவிக்கு வந்தது. ஆண்டு என்ற இடத்தில் எதையும் எழுதாமல் வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்: 'காவற்காரர் கூற்று, நினைவிலிருந்து சொன்னது, வேறு சான்று இன்னும் கிடைக்கவில்லை.'