வாங்குபவர் யார்? தென்னார்க்காட்டுக் கூத்தாண்டவர் விழாக்கடைகளும் நிறுவன விளம்பரங்களும்

பால்புதுமையரை வணிக நிறுவனங்கள் வெளிப்படையாக நாடிய வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே தொடங்கப்படுகிறது. அப்சொல்யூட் வோட்கா நிறுவனம் 1981இல் ‘தி அட்வகேட்’ என்னும் தன்பாலீர்ப்பாளர் இதழில் விளம்பரம் செய்தது. 1994இல் ஐக்கியா நிறுவனம், இணையராக வாழும் ஆடவர் இருவர் உணவு மேசை வாங்கும் காட்சியைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. இந்திய விளம்பரங்களும் இவ்வரிசையின் தொடர்ச்சியாகவே கருதப்படுகின்றன. பெண்ணாடம், சிதம்பரம் வட்டாரத்திலிருந்து நோக்குங்கால் தொடக்கம் வேறிடத்தில் அமைகிறது.

1993இல் பிரிக்கப்படும்வரை பெண்ணாடமும் உளுந்தூர்பேட்டையை அடுத்த கூவாகமும் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. கூவாகத்தில் சித்திரைதோறும் நிகழும் கூத்தாண்டவர் விழா, சிதம்பரம் பகுதியில் கொத்தட்டையிலும் நடைபெறுகிறது. களப்பலியாகும் அரவானுக்கு மனைவியராகத் தம்மைப் பாவித்துத் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்வர். மறுநாள் தேரோட்டத்திற்குப் பின் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெண்புடவை உடுத்துவர். இவ்விழா குறித்த ஆய்வுகள் பெரிதும் சடங்கையே மையமிட்டவை. ஆயின் தாலிக்கயிறு, வளையல், பூ, புடவை ஆகிய யாவும் விலைக்கு வாங்கப்படும் பொருள்கள் என்பதும் கருதத்தக்கது. நாளை உடைபடப்போகும் வளையல் என்பதை விற்பவர் அறிவார். வாங்குபவர் யார் என்பதையும் அறிவார். திருநங்கை இங்கே தம் கைப்பணத்தால், தமக்காக வாங்கும் வாடிக்கையாளர். இதனை வணிகரின் பெருந்தன்மை எனக் கொள்ள வேண்டியதில்லை. கூட்டம் கூடுமிடத்தில் கடை விரிப்பது வணிக இயல்பு. விழா முடிந்தபின் அதே மதிப்பு நீடிக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

நிறுவன விளம்பரங்களில் இந்நேரடித்தன்மை அரிதாகவே காணப்படுகிறது. 2016இல் புரூக் பாண்ட் ரெட் லேபிள் தேயிலைக்காகத் திருநங்கையர் அறுவரைக் கொண்ட ‘சிக்ஸ் பேக் பேண்ட்’ இசைக்குழு உருவாக்கப்பட்டது; அது கான் விளம்பர விழாவில் விருதும் பெற்றது. 2017இல் விக்ஸ், கௌரி சாவந்தை வளர்ப்புத் தாயாகக் காட்டியது. விற்கப்பட்ட தேயிலையும் சளிமருந்தும் பொதுக் குடும்பங்களுக்கு உரியவை. 2021இல் வெளியான கேரளப் பீமா நகைக்கடை விளம்பரம் இன்னும் நுட்பமானது. மீசை அரும்பிய இளைஞர் படிப்படியாக மணப்பெண்ணாக மாறுவதை அது பரிவுடன் சித்திரிக்கிறது. ஆயினும் ஒவ்வொரு படியிலும் நகையைத் தருவோர் பெற்றோர். விளம்பரம் பேசுவது அவர்களிடம். மகள் அணிபவளாகவே நிற்கிறாள். பெற்றோர் புறக்கணிப்பால் வீட்டைவிட்டு வெளியேறியோர் பலராக உள்ள ஒரு சமூகத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று.

இணையரையே பயன்படுத்துவோராகக் காட்டிய முயற்சிக்கு நேர்ந்தது வேறு. தன்பாலுறவைக் குற்றமாக்கிய பகுதியிலிருந்து இசைவுடன் கூடிய உறவை உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6இல் விலக்கியிருந்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின், 2021 அக்டோபரில் டாபர் நிறுவனம் ஃபெம் அழகுப்பொருளுக்காக, பெண் இணையர் இருவர் கர்வா சௌத் நோன்பு இருக்கும் காட்சியை வெளியிட்டது. மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சர் நடவடிக்கை எடுக்கப்படும் என எச்சரித்தார். சில நாள்களில் நிறுவனம் விளம்பரத்தைத் திரும்பப் பெற்று வருத்தமும் தெரிவித்தது. நீதிமன்றம் அளித்த பாதுகாப்பு விளம்பரத்திற்குப் போதவில்லை.

2023 மே மாதம் ஸ்டார்பக்ஸ் வெளியிட்ட இந்திய விளம்பரத்தையும் கூவாகக் கடைவீதியோடு ஒப்பிடலாம். பெற்றோரைக் காணக் காப்பிக்கடைக்கு வரும் மகள் முன்பு அர்ப்பித், இப்போது அர்ப்பிதா. காப்பி ஆயத்தமானதும் கடை ஊழியர் ‘அர்ப்பிதா’ எனப் புதிய பெயரைச் சொல்லி அழைக்கிறார். பெயரால் அழைக்கப்படும் அந்நொடி நெகிழ்வானது. எனினும் அங்கும் எழுந்து சென்று காப்பி கேட்பவர் தந்தையே.